சாம்பலில் மிஞ்சும் உலோகம்

டெல்லியில் தமிழர் வீட்டில் யாராவது கண்ணை மூடினால், சொந்தக்காரர்களுக்கு முன்னால் சந்திரமௌலிக்குத்தான் போன் போகும். மத்திய அரசில் செக்ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர், கும்பகோணத்துக்காரர். கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில் பக்கத்து வீட்டுக்காரரைத் தூக்க ஆள் கிடைக்காமல் தவித்தபோது இவர் போய்த் தோள் கொடுத்தார். அன்றைக்குப் பிடித்துக்கொண்ட வேலை, விடவேயில்லை. வாத்தியாரைக் கூப்பிடுவது, மூங்கில் வாங்குவது, லோதி ரோடு மயானத்தில் இடம் பிடிப்பது எல்லாம் அவர் தலையில்தான். காரியம் முடிகிறவரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. வாய் மட்டும் பொல்லாதது. விம்மிக்கொண்டு நிற்கிற மாப்பிள்ளையைப் பார்த்து, "அழறதை ஆத்துல வச்சுக்கோ. நெருப்புக்குப் பக்கத்துல கண்ணு தெரியணும்" என்பார். அவரைத் திட்டியவர்களே மறுபடியும் அவரைத்தான் கூப்பிட்டார்கள்.

அப்பேர்ப்பட்ட மனுஷருக்குக் கழுத்தில் வந்தது கோளாறு. முதலில் விரல்நுனி மரத்தது. பிறகு சட்டைப் பித்தான் அகப்படாமல் ஆட்டம் காட்டியது. காலில் இருந்த செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் நடந்து வந்தார். ஒருநாள் பாடையைத் தூக்கிக்கொண்டு போகையில் வலது கை திடீரென்று விட்டுவிட, பின்னால் வந்தவர் பாய்ந்து பிடித்தார். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

மனைவி லீலாவதி அவரை விடாப்பிடியாக ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். டாக்டர் அனிருத் டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த பையன், தமிழ் தட்டித் தடவித்தான் வரும்.

"அங்கிள், கழுத்துல ரெண்டு இடத்துல நரம்புத் தண்டு நசுங்குது. அங்க எலும்புக்கு நடுவுல இருக்கற டிஸ்கை எடுத்துட்டு, நடுவுல சின்னதா ஒரு கூடு வச்சு எலும்புகளைச் சேர்த்துடணும். இப்படியே விட்டா கால் போயிடும். வீல்சேர்தான்."

மேஜைமேல் ஒரு தட்டில் அந்தக் கூட்டின் மாதிரிகள் இருந்தன. ஒவ்வொன்றும் கல்கண்டுத் துண்டு அளவுதான். டாக்டர் பொறுமையாகச் சொன்னார். இடுப்பெலும்பிலிருந்து ஒரு துண்டு வெட்டி வைக்கலாம். சொந்த எலும்பு, நன்றாக ஒட்டும், ஆனால் கழுத்து தேறிய பிறகும் இடுப்பு வலித்துக்கொண்டே இருக்கலாம். டைட்டானியம் வைத்தால் அதன் சொரசொரப்பைப் பற்றிக்கொண்டு எலும்பு வளரும். ஆனால் அது எலும்பைவிடக் கெட்டி. எலும்பில் பலமில்லாவிட்டால் உள்ளே அமுங்கும், ஸ்கேன் எடுத்தாலும் மறைக்கும். இன்னொன்று 'பீக்' என்கிற ஒருவகை பிளாஸ்டிக். எலும்பு மாதிரியே கொஞ்சம் வளைந்து கொடுக்கும், எக்ஸ்ரேயில் மறைக்காது. ஆனால் எலும்பு அதில் அவ்வளவு சுலபமாக ஒட்டாது.

"எதுப்பா நல்லது?" என்றாள் லீலாவதி.

"பெரிய வித்தியாசம் இல்லை, ஆன்ட்டி. அங்கிளுக்கு ஷுகர் இருக்கு, எலும்பு சேர லேட்டாகும். ஆனா எலும்பு ஸ்ட்ராங். நான்னா டைட்டானியம் வைப்பேன்."

சந்திரமௌலி தட்டைக் காட்டிக் கேட்டார்: "இதுல எது எரியும்?"

"மத்லப்? என்ன சொல்றீங்க, அங்கிள்?"

"சிதையில வச்சா எது எரிஞ்சுபோகும்னு கேக்கறேன்."

லீலாவதி தலையில் அடித்துக்கொண்டாள். டாக்டர் திகைத்து, பிளாஸ்டிக் எரிந்துவிடும், டைட்டானியம் அப்படியே கிடக்கும் என்றார்.

"அப்ப பிளாஸ்டிக்கே வச்சுடுங்கோ."

"வைக்கலாம் அங்கிள். ஆனா உங்களுக்கு ரெண்டு இடம். எதை வச்சாலும் முன்பக்கம் ஒரு பிளேட்டும் ஸ்க்ரூவும் போடணும். அது டைட்டானியம்தான்."

"அச்சா. அப்ப எனக்கு ஆபரேஷனே வேண்டாம்" என்று எழுந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் லீலாவதி பிடிபிடியென்று பிடித்தாள். "கால் போயிடும்கறான், நீங்க என்னன்னா செத்தப்புறம் எரியுமான்னு கேக்கறேளே! புத்தி கித்தி கெட்டுப்போச்சா?"

சந்திரமௌலி அவளை உட்காரவைத்து வேணுவைப் பற்றிச் சொன்னார். ஆபீஸ் சிநேகிதர் வேணு. பிள்ளை கிடையாது, பெண் அபிராமிதான் கொள்ளி போட்டாள். மறுநாள் சஞ்சயனம். கால் எலும்பில் ஆரம்பித்துத் தலைவரைக்கும் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பானையில் போடவேண்டும். சாம்பலைக் கிளறிய அபிராமியின் கையில் கறுத்துப்போன பிளேட் ஒன்று ஸ்க்ரூவோடு வந்தது. அவள் அதை விடவேயில்லை. 'மாமா, இது குத்திண்டேதான் அப்பா இத்தனை நாள் இருந்தாரா?' என்று கேட்டுக் கேட்டு அழுதாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு சஞ்சயனத்துக்கும், வீட்டு மனுஷர்கள் வருமுன் இவர் போய்விடுவார். இரும்போ ஆணியோ இருந்தால் பொறுக்கித் தனியாக வைத்துவிடுவார். இது யாருக்கும் தெரியாது.

"எல்லாருக்கும் நான் முன்னாடி போய்ப் பொறுக்கினேன். எனக்கு யாருடி போவா? நம்ம பொண்ணு சுஜாதாதானே வந்து நிப்பா? கொழந்தை கையில அது கிடைக்கணுமா?"

இப்படி ஒரு மனசு இருப்பது தெரியாமலா இந்தப் பொல்லாத வாய்க்காரரோடு இத்தனை வருஷம் குப்பை கொட்டினோம் என்று லீலாவதி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் போறேன். சுஜாதா வரதுக்கு முன்னாடி நானே போய்ப் பொறுக்கறேன். போறுமா?"

"நீ முந்திண்டா?"

லீலாவதி புடவையை முழங்காலுக்குமேல் தூக்கினாள். முட்டியில் நீளமாகத் தழும்பு. மூட்டு மாற்றியபோது போட்ட தையல்.

"முந்திண்டா எனக்கு நீங்கதானே வரணும்? இங்க உள்ள எவ்வளவு இரும்பு இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா? கால் போய் உக்காந்துட்டேள்னா எனக்கு யார் வருவா?"

சந்திரமௌலி அந்தத் தழும்பின்மேல் கையை வைத்தார். மரத்த கைக்கு அது தட்டுப்படவில்லை. எத்தனையோ சிதைகளுக்கு முன்னால் கலங்காத மனுஷர் குலுங்கிக் குலுங்கி அழுதார். லீலாவதி அவரைத் தடுக்கவில்லை.

மறுநாள் டாக்டர் மாதிரித் தட்டைத் திறக்கப் போனபோது சந்திரமௌலி கையமர்த்தினார்.

"அதெல்லாம் வேண்டாம், டாக்டர். எதை வச்சா நான் ரொம்ப நாள் நடப்பேனோ அதை வைங்கோ."