முந்திரிக்காட்டில் முதல் நாள் தங்கல்

முதுகில் பை மாட்டிக்கொண்டு நாள்கணக்கில் நடக்க வருகிறவர்களுக்குத் தங்க இடம் பார்ப்பது என் வேலை. இதற்குப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதுகிறேன். கூச்சப்படுகிற ஆள் இந்த வேலைக்கு ஆகாது. நான் கூச்சப்படுகிற ஆள்.

எனக்குக் கிடைத்த முதல் நடை, உடையார்பாளையத்தில் கிளம்பிக் கடற்கரை வரை போவது. எங்கள் முதலாளி என்னைவிடச் சின்னவர். "அண்ணே, போன தடவ மொத நாள் தங்குன எடத்துலேருந்தே பாதிப் பேரு தோள்வலின்னு பஸ் ஏறிட்டாங்க. இந்தத் தடவையும் ஏறுனா நாம கடையச் சாத்திட வேண்டியதுதான்" என்றார்.

வரதராஜன்பேட்டைப் பக்கம் ஒரு முந்திரிக்காடு பார்த்தேன். நல்ல நிழல், டென்ட் அடிக்கச் சமதரை, போர்வெல். அக்கம்பக்கத்தில் வேறு தண்ணீர் இல்லை. காட்டுக்காரம்மா வீட்டு வாசலில் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கொட்டை பிரித்துக்கொண்டிருந்தார்.

"என்னா வேணும்?"

"பத்துப் பேரு ஒரு ராத்திரி ஒங்க காட்டுல தங்கிக்கிறோம்ங்க."

"கொட்ட உதுருற நேரத்துலயா? என்னா கொண்டாருவீங்க?"

"ஆளுக்கு ஒரு பெரிய பைங்க."

அந்தம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பயத்தில் நானே தொடர்ந்தேன். "நெத்தியில கட்டிக்கிற லைட்டும் இருக்குங்க. சத்தமே போட மாட்டோம்ங்க. விடியறதுக்கு முன்னாடி கெளம்பிடுவோம்ங்க."

அவர் வீட்டுக்குள் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏங்க, இங்க வாங்க. கொட்ட திருட வர்றவரு மொறையா சொல்லிட்டுப் போக வந்திருக்காரு."

மரத்தடியில் உதிர்ந்த கொட்டையை விடிந்துதான் பொறுக்குவார்கள். அதற்கு முன்பே லைட்டும் மூட்டையுமாகக் கிளம்புகிறவன் யார் என்று ஊருக்கே தெரியும். ஜெயங்கொண்டத்தில் பிறந்த எனக்கும் தெரியும். வாய் குழறியதில் மறந்துவிட்டது.

"வேணும்னா பைய எடை போட்டுக்கங்க" என்றேன்.

"வரும்போதும் போடுவேன், போவும்போதும் போடுவேன். விடிஞ்சப்புறம்தான் கெளம்பணும்."

சொன்னபடி, நடை தொடங்கிய அன்று சாயங்காலம், நடந்து வந்தவர்கள் தராசு முன்னால் வரிசையில் நின்றார்கள். முதலாளி என் காதில், "காசு கட்டி வந்தவங்கள கொட்ட மூட்ட மாதிரி நிறுத்துறீங்களேண்ணே" என்றார்.

முதல் பையைத் தொங்கவிட்டதும் அந்தம்மா, "இருவது கிலோ! தம்பி, தனிக்குடுத்தனம் போறியா?" என்றார். பைக்குள் தோசைக்கல். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்து ஒரு டீச்சர்.

"எனக்கு எவ்ளோக்கா?"

"பதினெட்டு. என்னாம்மா இருக்கு?"

"துணி, அப்புறம் இஸ்திரிப் பெட்டி."

"முந்திரி மரத்துல எங்க பிளக்கு சொருவுவ?"

அதற்குமேல் யாரும் சிரிக்கவில்லை. எடை முடிந்து அந்தம்மா வீட்டுக்குள் போனதும், அவரவர் பையைத் திறந்து, வேண்டாததை எடுத்துக் காட்டுக்குள் இருந்த கொட்டகையில் போட ஆரம்பித்தார்கள்.

காலையில் மறுபடி எடை. எல்லாப் பையும் குறைந்திருந்தது. அந்தம்மா புருவத்தைச் சுருக்கினார். "கூடும்னு பாத்தா கொறையுது! என்னத்தய்யா என் காட்டுல போட்டுட்டுப் போறீங்க?"

கொட்டகையைக் காட்டினேன். குவியலைப் பார்த்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அவர் வீட்டுக்காரரே அதை மூட்டையாகக் கட்டி, ஜெயங்கொண்டம் பஸ்ஸில் ஏற்றி, என் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். அன்று காலை பஸ் ஏறியது தோசைக்கல்லும் இஸ்திரிப் பெட்டியும்தான். பத்துப் பேரும் நடந்தார்கள்.

ஆகவே முதல் நாள் தங்கலுக்கு நிழல், தண்ணீர் மட்டும் பார்க்காதீர்கள். தராசு இருக்கிற வீடாகப் பாருங்கள். இடம் கேட்கும்போது, எடை போட்டுக்கொள்ளலாம் என்பதை முதலில் சொல்லுங்கள். நெற்றி லைட்டைப் பற்றி, அவர்கள் சரி என்று சொன்ன பிறகு சொல்லுங்கள்.