விரல் வெளியேதான் இருந்தது

அந்த ரைஃபிளின் விசையை இளக்கியவன் நான்தான். பெரியவரின் கை நடுக்கம் அல்ல... நான்! ஆறு ஆண்டுகளாக இதை ஒருவரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். என்னை நீங்கள் அறியமாட்டீர்கள் என்ற ஒரே துணிவில்.

துபாயிலிருந்து அல் அய்ன் செல்லும் சாலையை விட்டு விலகி, மணலுக்குள் சிறிது தூரம் சென்றால் ஒரு பண்ணை வீடு. அங்கே நான் ஓட்டுநர். அதற்கு முன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். மற்றவர்களைப்போல நானும் முதலாளியை அர்பாப் என்றே அழைப்பேன். எழுபதைக் கடந்தவர். அவர் பேசும் அரபி கலந்த இந்தியை இங்கே தமிழாக்கித் தருகிறேன்.

குளிர்காலக் காலைகளில் அங்கே பனி இறங்கும். ஒட்டகங்களின் கால்கள் மறைந்து, உடல்கள் மட்டும் வெண்மையில் மிதந்து போகும். அந்த நேரத்தில்தான் அவர் மணல்மேட்டில் ஐந்து தகர டப்பாக்களை நிறுத்திச் சுடுவார். உரிமம் பெற்ற, புதிதாக வாங்கிய ரைஃபிள். ஆனால் அதன் விசை, தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே, மணல் புகுந்த தாழ்ப்பாள்போல அடம்பிடித்தது. அவர் பலம்கொடுத்து இழுப்பார், கை நடுங்கும், குழாய் விலகும், டப்பாக்கள் அசையாமல் நிற்கும்.

"என் கை செத்துப்போச்சு குமார்" என்று சிரிப்பார். அது சிரிப்பா?

ஒரு வெள்ளிக்கிழமை, துடைத்து வைக்கும்படி ரைஃபிளை என்னிடம் கொடுத்துவிட்டுத் தொழுகைக்குப் போனார். என் அறையில் அதைப் பிரித்தேன். எப்படிச் செய்தேன் என்று சொல்லமாட்டேன். சொன்னால் அது பெருமையாகிவிடும். அன்பினால் செய்தேனா? என் கைத்திறனை எனக்கே காட்டிக்கொள்ளவா? இன்றுவரை தெரியவில்லை... முடித்தபோது அந்த விசை, இலை நுனியிலிருந்து துளி விழுவதுபோல விரலுக்குள் கரைந்தது. கண்களை மூடிக்கொண்டு மீண்டும் மீண்டும் இழுத்துப் பார்த்தேன். அத்தனை சுகம்!

பிறகு, குண்டில்லாத அந்த ரைஃபிளைத் தரையில் நிறுத்தினேன்.

'டிக்' என்றது.

விசையை யாரும் தொடவில்லை! மறுபடியும் நிறுத்திப் பார்த்தேன்; மௌனம். மூன்றாம் முறையும் மௌனம். பிரமை என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் என் காது கேட்டது... கேட்டதுதான். வெளியே அவருடைய வண்டிச் சத்தம். அவசரமாகத் துடைத்து உறையிலிட்டேன்.

மறுநாள் காலை ஐந்து டப்பாக்களும் விழுந்தன. அவர் தம் சுட்டுவிரலை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார்.

"பாரு குமார், என் விரல் திரும்பி வந்துடுச்சு!"

விசையைத் தொட்டதை நான் சொல்லவில்லை. அந்த மௌனம் அன்று இனிப்பாக இருந்தது.

பத்து நாள் கழித்து, பனி இன்னும் அடர்த்தியான ஒரு காலை. பண்ணையின் சமையல்காரர், கீழக்கரை செய்யது அண்ணன், தேநீர்க் குடுவையோடு எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார். அர்பாப் குண்டேற்றிய ரைஃபிளைப் பிக்கப்பின் பின்தட்டில் வைத்தார்; அடிக்கட்டை தட்டில் இடித்தது, குழாய் செய்யது அண்ணன் வந்த பக்கம் தாழ்ந்திருந்தது. அவ்வளவுதான். வெடித்தது.

செய்யது அண்ணன் மெல்ல, உட்காருவதற்கு இடம் தேடியவர்போல, மணலில் உட்கார்ந்தார். கெண்டைக்காலில் குண்டு. அர்பாப் அவரைப் பார்க்கவில்லை. தம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பக்கத்தில் நின்றேன். நன்றாகவே பார்த்தேன். அவருடைய விரல் விசைக்கு வெளியே, ரைஃபிளின் மரக்கட்டைமேல் நீண்டு படிந்திருந்தது.

போலீஸ் விசாரித்தபோது, "என் கைதான். வயசான கை" என்றார் அவர். ரைஃபிளை ஒப்படைத்தார். அதை ஒருவரும் பிரித்துப் பார்க்கவில்லை. மருத்துவமனையில் செய்யது அண்ணன் எனக்கே ஆறுதல் சொன்னார்.

"விடுங்க தம்பி. அவரு வேணும்னா செஞ்சாரு? கை நடுங்கிருச்சு. அல்லா லேசா முடிச்சுட்டான்."

லேசா! அவர் ஊர் திரும்பிய நாளில், விமான நிலையத்து வழவழப்பான தரையில் காலை இழுத்து இழுத்து நடந்து போனார். நான் பெட்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனேன்.

அன்று திரும்பும் வழியில், எங்களோடு வந்திருந்த அர்பாப் வண்டிக்குள் கேட்டார்:

"குமார், நீ பக்கத்துல இருந்தே. எனக்கு ஞாபகமே இல்லை. என் விரல் உள்ளே இருந்துச்சா?"

ஒரே ஒரு சொல் போதும். "இல்லை" என்ற சொல். வேலை போயிருக்கும், சிறையும் கிடைத்திருக்கலாம். அவர் கை மட்டும் அவருக்கே மீண்டிருக்கும்...

"சரியாப் பார்க்கலை அர்பாப். பனியா இருந்துச்சு."

"கலாஸ்" என்றார். முடிந்தது என்று அர்த்தம்.

அதன்பின் அவர் கார் ஓட்டுவதில்லை. விருந்தினருக்குத் தம் கையால் காப்பி ஊற்றுவதில்லை. உட்காரும்போது இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொள்கிறார். நான் ஒவ்வொரு நாளும் கண்ணாடியில் அதைப் பார்த்தபடியே வண்டி ஓட்டுகிறேன். சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் வாய் திறக்கிறேன். சாலைதான் முடிகிறது!

சென்ற வாரம் அவருடைய பேத்தியை, நான்கு வயதுக் குழந்தையை, பண்ணைக்கு அழைத்து வந்தோம். வண்டி உயரம். அவள் கதவோரம் நின்று, இறக்கிவிடச் சொல்லி, பாட்டனை நோக்கி இரு கைகளையும் நீட்டினாள். அவர் ஓரடி முன்னே வந்தார். பின் நின்றுவிட்டார். தம் கைகளை அங்கியின் நீண்ட சட்டைக்கைகளுக்குள் இழுத்துக்கொண்டார்.

"நீ தூக்கு குமார். உன் கை உறுதியான கை."

தூக்கி இறக்கினேன்.