காக்பிட்டுக்குப் பூசிய கறுப்பு

பொம்மை விமானம் என்று சொன்னால் அத்திம்பேருக்குக் கோபம் வரும். மாடல் என்று திருத்துவார். விமானப்படையில் இருந்தாரே தவிர அவர் விமானம் ஓட்டுபவர் அல்ல. விமானி உட்காரும் காக்பிட்டில் உயரமும் வேகமும் காட்டும் வட்ட வட்டமான மீட்டர்களைக் கழற்றிப் பழுது பார்த்து மாட்டுவதுதான் அவர் வேலை. அக்காவைப் பிரசவத்துக்காக மாதுங்காவில் எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டபோது, யாரோ வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த பிளாஸ்டிக் போர் விமானப் பெட்டி ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். இறக்கையையும் வாலையும் எப்படியாவது ஒட்டித் தொலை, காக்பிட்டை மட்டும் கெடுத்துவிடாதே என்று எச்சரிக்கை வேறு. எந்த வட்டத்தில் முள் எங்கே நிற்க வேண்டும், எது வெள்ளை, எது மஞ்சள் என்று ஒரு முழுத்தாள் நிறைய எழுதியும் வைத்திருந்தார்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது, ஃபோர்ட்டில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. மாடலின் உடம்பு இரண்டு பாதிகளாக வந்திருந்தது. காக்பிட்டை முடித்து உள்ளே வைத்த பிறகுதான் பாதிகளைச் சேர்த்து ஒட்டலாம். ஒட்டிவிட்டால் அப்புறம் உள்ளே ஈர்க்குச்சிகூடப் போகாது. நான் வழக்கம்போல நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். அதற்குள் அறுபத்தைந்து செப்டம்பரும் வந்தது, சண்டையும் வந்தது.

அத்திம்பேர் இருந்தது பஞ்சாபில், எல்லைக்குப் பக்கத்தில். அங்கே குண்டு விழுகிறது என்று ரேடியோ சொன்ன நாளிலிருந்து அவரிடமிருந்து ஒரு வரி இல்லை. அக்காவுக்கு ஒன்பதாம் மாதம். ராத்திரி விளக்கு வெளிச்சம் மேலே பறக்கிற விமானத்துக்குத் தெரியக் கூடாது என்று ஜன்னல் கண்ணாடிகளில் பழுப்புத் தாள் ஒட்டியிருந்தோம். வீடு பகலிலேயே இருண்டு கிடந்தது. காலைத் தபால் வரும் நேரத்துக்கு ஆளுக்கொரு சாக்கு வைத்துக்கொண்டு வாசல் பக்கம் நிற்போம். தபால்காரர் எங்கள் கதவைத் தாண்டிப் போனதும் அக்கா தண்ணீர் குடிக்க உள்ளே போவாள்.

அந்தப் பயத்தில்தான் காக்பிட்டைக் கையில் எடுத்தேன். அவர் எழுதியிருந்தபடி ஒரு முள் பிசகாமல் முடித்துவிட்டால் அவருக்கு ஒன்றும் ஆகாது என்று மனசுக்குள் ஒரு நினைப்பு. வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது. ஆனால் அதை நான் நம்பினேன்.

அன்று சனிக்கிழமை, அரைநாள் வேலை. அப்பா செம்பூருக்கு யாரையோ பார்க்கப் போயிருந்தார். நான் ஜன்னலைத் திறந்து வைத்து அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்தேன். ஹார்ட்வேர் கடையில் கிடைத்தது இரும்பு கேட்டுக்கு அடிக்கிற பளபளக் கறுப்பு. காக்பிட் பளபளத்தால் போலி என்று பல்லிளிக்கும் என்று அத்திம்பேர் தாளில் எழுதியிருந்தார். ஆகவே அக்காவின் முகப்பவுடரைக் கொட்டிக் கலந்தேன். பளபளப்பு போயிற்று, ஆனால் சனியன் காயவில்லை. தொட்ட இடமெல்லாம் ஒட்டியது. கட்டைவிரல் நகத்தளவுப் பலகையில் ஒன்பது வட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஊசிமுனையால் வெள்ளை தொட்டு முள் போட வேண்டும். மூச்சை விட்டால் கை ஆடியது.

மத்தியானத் தபாலில் பில்லும் பத்திரிகையும்தான் வரும். கதவு தட்டிய சத்தம் கேட்டதும் பிரஷ்ஷைப் பல்லில் கடித்தபடி போய்க் கட்டாக வாங்கினேன். என்ன வந்திருக்கிறது என்று பார்க்கவில்லை. ஒரு வாரமாகத் தபால்காரருக்குத் தவம் கிடந்தவன் அன்றைக்குப் பார்க்கவில்லை. உயரம் காட்டும் வட்டத்தில் போட்ட வெள்ளை வழிந்துவிடுமே என்று அவசரம். தபால் கட்டைச் சமையலறை அலமாரியில் போட்டுவிட்டு ஓடிவந்தால், வெள்ளை வழிந்துதான் இருந்தது. துடைக்க டர்பன்டைன் இல்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினேன்.

திரும்பி வந்தபோது அம்மா குளியலறையில் வெந்நீர் பாய்லர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு சத்தம் வராமல் அழுதாள். என்னைக் கண்டதும் கையைப் பிடித்து உட்கார வைத்துக் காதில் சொன்னாள்.

சாவுச் செய்தி கொண்டுவரும் கடிதத்தின் மூலையில் கறுப்பு மை தடவி அனுப்புவது எங்கள் பக்கத்து வழக்கம். படித்த கையோடு அதைக் கிழித்துப் போட்டுவிட வேண்டும், வீட்டில் வைக்கக் கூடாது. நான் அலமாரியில் போட்ட தபால் கட்டுக்குள் ஓர் இன்லண்ட் லெட்டர் இருந்திருக்கிறது. அம்மாவுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. அக்கா பெயரின் முதல் எழுத்து மட்டும் கண்ணுக்குப் பழக்கம். அந்த எழுத்தையும் மூலையில் கறுப்பையும் பார்த்தவளுக்குப் பிரிக்கக்கூடத் தைரியம் வரவில்லை. பிள்ளைத்தாய்ச்சியின் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று நாலாகக் கிழித்து நெருப்பில் போட்டுவிட்டாள்.

அவள் சொல்லி முடிப்பதற்குள் நான் என் விரல்களைப் பார்த்தேன். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் பவுடர் கலந்த கறுப்பு அப்படியே இருந்தது.

"அம்மா, அது என் பெயின்ட்டும்மா," என்றேன்.

அம்மா என் கையை இழுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். முகத்தில் உயிர் வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது. அப்படியானால் அந்தக் கடிதத்தை யார் எழுதினார்கள்? அத்திம்பேரே எழுதியிருக்கலாம். கூட வேலை செய்கிற யாராவது அவரைப் பற்றி எழுதியிருக்கலாம். பாய்லருக்குள் குனிந்து பார்த்தேன். கரியும் கங்கும்தான் தெரிந்தன.

அக்கா எப்போது வந்தாள் என்று தெரியாது. நிமிர்ந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அம்மாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை, என்னிடம்தான் கேட்டாள்.

"மேல அட்ரஸ் அவர் கையெழுத்தாடா?"

"அவரோடதேதான். நான் பாத்தேன்."

யோசிக்காமல் சொல்லிவிட்டேன். அக்கா தலையாட்டினாள். அன்று சாயந்திரம் பல நாளைக்குப் பிறகு இரண்டு கரண்டி சாதம் கூடுதலாகப் போட்டுக்கொண்டாள். வேறு யாராவது எழுதிய கடிதமாக இருந்தால், அடுத்து வரப்போகும் தந்திக்கு முன்னால் நான் எந்த முகத்தோடு நிற்பேன்?

அதற்குப் பிறகு பதினோரு நாள். காக்பிட்டை முடித்தேன். பாதிகளை ஒட்டக் கை வரவில்லை. சண்டை நின்றுவிட்டது என்று ரேடியோ சொல்லிற்று, கட்டிடமே மிட்டாய் வாங்கிக் கொடுத்தது. எங்கள் தெருவில் சைக்கிள் மணி அடித்தால் தந்திக்காரனோ என்று நான் மட்டும் வாசலுக்கு ஓடினேன். அக்கா நிம்மதியாக இருந்தாள். அவள் நிம்மதி நான் சொன்ன பொய் என்பதை அம்மாவிடம்கூடச் சொல்ல முடியவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலைத் தபாலில் வந்தது. அத்திம்பேரின் கையெழுத்தைப் பார்த்ததும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அக்கா வந்து வாங்கிப் படித்தாள். ஒரு தடவை படித்து, மறுபடி முதலிலிருந்து படித்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள்.

சௌக்கியம், பிள்ளைக்குப் பெயர் பார்த்து வை என்றெல்லாம் எழுதியிருந்தார். கடைசியில் இரண்டு வரி. போன கடிதத்தில் ராத்திரியெல்லாம் பயமாக இருக்கிறது, உன்னைப் பார்க்காமலே போய்விடுவேனோ என்று அசட்டுத்தனமாக எழுதிவிட்டேன், அதைக் கிழித்துப் போட்டுவிடு என்று.

நல்ல சேதிதான், ஏன் அழுகிறாய் என்று அம்மா கேட்டாள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை.

"பயமா இருக்குன்னு அவர் ஜன்மத்துல ஒரு தடவைதான் எழுதியிருக்கார். அத நான் படிக்கலையேம்மா," என்றாள்.