ஆலப்பாக்கம் தாண்டினால் இங்கிலீஷ்

மகளின் போனில் இங்கிலீஷ் சொல்லித்தரும் ஆப் ஒன்று இருக்கிறது. நேற்று அதனிடம் ‘வெஜிட்டேபிள்’ என்றேன். சிவப்பாகச் சிரித்தது.

“யப்பா, அது காய்கறி விக்கிற டேபிள் இல்லப்பா” என்றாள் மகள்.

எனக்குக் கோபம் வரவில்லை, வேர்க்கடலை வாசம்தான் வந்தது. அந்த வார்த்தையை நான் கற்றதே கடலூர் – சிதம்பரம் காலைப் பாசஞ்சரில், அவித்த கடலை தின்றுகொண்டுதான்.

சிதம்பரத்தில் வேலை பார்த்த நாங்கள் மூன்று பேர். வக்கீல் ஆபீஸ் டைப்பிஸ்ட் கலா அக்கா, ஏசி மெக்கானிக் ஆரோக்கியம், அப்புறம் நான். எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. ஆலப்பாக்கம் தாண்டினால் கிள்ளை வரை இங்கிலீஷ் மட்டும். தமிழ் வாயில் வந்தால் எழுந்து நிற்க வேண்டும்.

“யெஸ்டர்டே ஐ டிட் நாட் வென்ட் டு டெம்பிள்” என்பார் கலா அக்கா.

“மைசெல்ப் ஆல்சோ” என்பேன் நான். திருத்துவதற்கு எங்களில் யாருக்குத் தெரியும்? நான் பாதி நாள் நின்றுகொண்டுதான் போனேன். ஆரோக்கியம் மட்டும் ஒருநாளும் நின்றதில்லை. அவன்தான் வாயே திறக்க மாட்டானே!

அவனுக்குச் சென்னையில் துபாய் கம்பெனி இன்டர்வியூ வந்தது. முந்தைய இன்டர்வியூவில் பேரைக் கேட்டதற்கே தலையாட்டிவிட்டு வந்தவன். வயசு வரம்புப்படி இதுதான் கடைசி.

“இவன் வாயத் தொறக்கலன்னா அவ்ளோதான். எதாச்சும் பண்ணுடா” என்றார் கலா அக்கா.

“நா என்னாக்கா பண்றது? எனக்கே ‘ஐ ஆம்’முக்கு அப்புறம் மூச்சு வாங்குது.”

ஆலப்பாக்கம் தாண்டியதும் சும்மா எடுத்துவிட்டேன். “ஆரோக்கியம் மதர் மீன் கொழம்பு, ஒன்லி ஹாட் வாட்டர்.”

“மீன், கொழம்பு, டூ வேர்ட் தமிழ்! ஸ்டேண்டப்!” என்றார் அக்கா. எழுந்தேன். கூடவே ஆரோக்கியமும் எழுந்துவிட்டான்.

“ஹூ டோல்டு? சண்டே யூ ஆர் கம் மை ஹவுஸ்! மை மதர் பிஷ் யூ ஈட்டிங், ஒன் வீக் யுவர் ஹேண்ட் ஸ்மெல்லிங்! யுவர் ஹவுஸ் சாம்பார் இஸ் ரயில்வே வாட்டர்!”

கிள்ளை வரை நிறுத்தவில்லை. கடலைக்காரர் வியாபாரத்தை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“மச்சான், இதயே அங்க போய்ப் பேசு” என்றேன்.

“அங்க எவன்டா எங்கம்மா கொழம்பத் திட்டப் போறான்?”

யாரும் திட்டவில்லை. குடும்பத்தைப் பற்றிச் சொல்லச் சொன்னார்களாம். மீனில் ஆரம்பித்தவனைப் போதும் போதும் என்று நிறுத்தித்தான் வேலை கொடுத்தார்களாம்.

அவன் விமானம் ஏறிய மறுநாள் வண்டி ஆலப்பாக்கம் தாண்டியது. அக்காவும் நானும் கிள்ளை வரை தமிழிலேயே பேசிக்கொண்டு போனோம். யாரும் யாரையும் எழுந்து நிற்கச் சொல்லவில்லை. அதற்கப்புறம் ஒருநாளும் சொல்லவில்லை.