மண்ணில் சேர்த்தியா, பீங்கானில் சேர்த்தியா

இப்போது கலைப்பொருள் சேர்க்கிறவர்கள் பெங்களூரிலிருந்து காரில் வருகிறார்கள். என்னிடம் இருக்கும் பூச்சாடியைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் பதிந்திருக்கும் கட்டைவிரல் குறியைப் பார்த்துவிட்டு, "இது அவங்க கையாலேயே செஞ்சதுதான்" என்று பூரித்துப் போகிறார்கள். விலைக்குக் கேட்கிறார்கள். நான் கொடுப்பதாக இல்லை. ஐம்பதுகளில் ஒரு நாள் எங்கள் வீட்டுக் குப்பைமேட்டில் அது சில்லுச் சில்லாகக் கிடந்திருக்க வேண்டியது.

அதைச் செய்தவள் ஓசூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தோட்ட பங்களாவில் சூளை வைத்திருந்தாள். மண்ணில் விதவிதமாகச் செய்வதையே படிப்பாகப் படித்தவள், தனி ஆள். தமிழும் கன்னடமும் கலந்து பேசுவாள். ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "உங்க அடுப்புச் சாம்பல் கொஞ்சம் கிடைக்குமா?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கேழ்வரகுத் தாளை எரித்த சாம்பலைக் கரைத்துப் பூசி, மண் கல்லாகும் வரை சுட்டால், அது பாசி நிறத்தில் உருகிப் பிடிக்குமாம். புகுந்த வீட்டுக்கு வந்து மூன்று வருஷத்தில் சோறு, காப்பி தவிர என்னிடம் வேறொன்றைக் கேட்ட முதல் ஆள் அவள்தான். தினமும் கூடையில் கொண்டுபோய்க் கொட்டினேன். அதைப் பூசிச் சூளையில் வைத்ததெல்லாம் வெடித்துப்போய் இந்தப் பூச்சாடி ஒன்றுதான் தேறியது. சீமைக்குப் புறப்படும்போது அதை என் கையில் கொடுத்து, "உங்க சாம்பல்தானே, வச்சுக்குங்க" என்றாள். அப்புறம் அவளை நான் பார்க்கவில்லை.

அடுத்த வருஷம் மாமனார் இறந்தார். பத்தாம் நாள், வீட்டிலிருக்கும் மண்சட்டி, பானை எல்லாவற்றையும் தீட்டு என்று வெளியே எறிந்துவிட வேண்டும். பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்தால் போதும். பீங்கானையும் கழுவினால் போதும், ஊறுகாய் ஜாடிகள் அப்படித்தான் தப்பும். அன்று விடிந்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அலமாரிக்கும் அடுப்படிக்கும் நடையாய் நடந்தேன். பக்கத்துப் பேரிகை ஊரில் வாழ்க்கைப்பட்ட பெரிய நாத்தனார் ஒவ்வோர் அறையாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். அலமாரி முன்னால் நின்றாள்.

"இது இன்னா, மண்ணா?"

"இல்லீங்க அண்ணி, பீங்கான்."

எடுத்துக் கவிழ்த்தாள். பூச்சுப் படாத அடிப்பகுதியில் செம்மண் பளிச்சென்று தெரிந்தது.

"யார் கண்ணுல மண்ணத் தூவுற நீ?"

"ஊறுகாய் ஜாடிக்கும் அடி இப்படித்தான் இருக்குது. அத மட்டும் ஏன் உடறீங்க?"

"அதுல ஊறுகாய் இருக்குது. இதுல இன்னா இருக்குது?"

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. சாடியை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினேன். மாங்காய் ஊறுகாயைக் கையாலேயே அள்ளி அந்தக் குறுகிய கழுத்துக்குள் திணித்தேன். எண்ணெய் முழங்கை வரை வழிந்தது. "இப்ப இருக்குதுங்க. போதுமா?"

வந்திருந்த பெண்களில் ஒருத்தி களுக்கென்று சிரித்தே விட்டாள். "சாவு வீட்டுல கூத்தடிக்கிறா பாரு!" என்று நாத்தனார் கத்தினாள். என் வீட்டுக்காரர் வாசற்படியில் நின்றவர் நின்றபடியே இருந்தார். நாத்தனார் சாடியின் கழுத்தைப் பிடித்து இழுக்க, நான் அடியைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றேன்.

பத்து நாளாகச் சுவரையே பார்த்து உட்கார்ந்திருந்த மாமியார் தலையைத் திருப்பினார். வழக்கப்படி அன்று கடைசி முறையாக அவருக்கு மஞ்சள் பூசி, பூ வைத்து, இரண்டு கையிலும் கண்ணாடி வளையலை அடுக்கியிருந்தார்கள்.

"அத அவகிட்டயே உட்டுடுங்கடி. ஒடைக்கறதுக்கு என் கையில இருக்கறது பத்தாதா?"

நாத்தனார் கையை எடுத்துவிட்டாள். நான் ஜெயித்துவிட்டேன்! சாடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளறைக்கு ஓடி, அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்துச் சாக்குப் போட்டு மூடினேன். அப்போதுதான் கிணற்றடியில் வளையல் உடைக்கும் சத்தம் கேட்டது. நடுவில் ஒரே ஒரு தடவை, "மெதுவாம்மா, வலிக்குது" என்று மாமியாரின் குரல்.

ஒரு சாடிக்காக அத்தனை வாய் பேசினவள் நான். அந்தக் கைகளுக்காகவும் பேசலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.