படத்தில் வெளுத்த இடம்

அண்ணனின் முதலாண்டு நினைவுநாளில் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களே, நண்பர்களே, வணக்கம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கடைக்கு வரும் பொட்டலக் காகிதங்களைப் படித்தே எழுத்துப் பழகியவள். பேச்சு எனக்குக் கைவந்தது. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது கீழ்பென்னாத்தூரில், அம்மாவின் தாய்வீட்டில். வளர்ந்தது திருவண்ணாமலையில், எங்கள் தந்தையாரின் பாத்திரக் கடையில். தந்தையாரை நாங்கள் நைனா என்போம். குடத்தில் தண்ணீர் நிறைய நிறைய ஓசை ஏன் மாறுகிறது என்று சிறு வயதிலேயே அண்ணன் தட்டித் தட்டிப் பார்ப்பார்.

“வாங்க வந்தவங்க ஓட்டக் கொடம்னு நெனச்சிக்கப் போறாங்க, வுடுறா” என்பார் நைனா.

அந்த ஆசைதான் அவரைச் சென்னைக் கல்லூரிக்குக் கொண்டுபோய், பௌதிகத்தில் பி.எஸ்ஸி. ஆக்கியது. எங்கள் தெருவுக்கு டாக்டர் தெரியும், வக்கீல் தெரியும். பௌதிகம் தெரியாது.

“ஏம்ப்பா, டாக்டரு ஊசி போடுவான், வக்கீலு வாதாடுவான். நீ படிச்ச படிப்புக்கு இன்னா பண்ணுவ?” என்று மாமா கேட்டார்.

“எல்லாத்தையும் ஏன்னு கேப்பேன் மாமா.”

“அத எங்க வூட்டுக்காரி படிக்காமயே கேக்குறாளே!”

அண்ணனும் சிரித்தார். வானிலை ஆபீஸ், ரேடியோ, ரயில்வே என்று மனுப் போட்டுக்கொண்டே இருந்தார். எதுவும் வரவில்லை. கடைக்கு வருகிறவர்கள் சொம்பின் விலையைக் கேட்பதற்கு முன், “புள்ளைக்கு வேல ஆச்சா?” என்று கேட்டார்கள். ஒருநாள் அண்ணன் என்னிடம் சொன்னார்:

“பாப்பா, செவுத்த நாள் பூரா தள்ளு. அது நகரலன்னா, எங்க பாடத்துல அதுக்கு வேலைன்னு பேரு கெடையாது.”

“அப்ப வேர்த்து ஊத்துதே, அதுக்கு இன்னா பேரு?”

“அதுக்குப் பேரு வைக்கல பாப்பா.”

கடைசியில் பம்பாயில் ஓர் ஆராய்ச்சி நிலையம் அவரை நேரில் அழைத்துப் பேசித் தேர்ந்தெடுத்தது. உடம்புப் பரிசோதனை மட்டும் பாக்கி. மார்பை எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு படத்தோடு வீட்டுக்கு வந்தார். நைனா அதைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

“பளிச்சுனு வெள்ளையா கீதே! அப்புறம் இன்னாடா?”

வெளுத்ததெல்லாம் பால் என்பார்கள். நைனா அப்படித்தான் நம்பினார். அண்ணன் வாய் திறப்பதற்குள் கற்கண்டுத் தட்டோடு தெருவில் இறங்கிவிட்டார். “எம்புள்ள பம்பாய்க்குப் போறான்” என்று கடை கடையாகக் கொடுத்தார். அண்ணன் அம்மாவிடம் மெல்லச் சொன்னார்:

“கறுப்பா இருக்கணும்மா. வெளுத்த எடம்தான் நோவு. என் தட்ட தனியா வெச்சிடு.”

பிறகு என் பக்கம் திரும்பி, “இத்தினி வருஷம் படிச்சது, பாப்பா, இந்த ஒரு படத்தப் படிக்கத்தான் ஒதவிச்சு” என்றார். கற்கண்டு தின்ற வாயெல்லாம் மறுநாள் எங்களைத் துக்கம் விசாரித்தது. அதன் பிறகு நைனா வாயில் இனிப்பு வைத்ததில்லை.

காச நோய் ஆஸ்பத்திரியில் நெடுநாள் இருந்து, தேறித்தான் வந்தார். தேறிய உடம்பை நம்பத்தான் ஆள் இல்லை. பம்பாய் இடம் வேறொருவருக்குப் போய்விட்டது. வேலை கேட்டுப் போன பள்ளிக்கூடங்களில் மரியாதையாக உட்காரவைத்து, மரியாதையாகவே அனுப்பிவிட்டார்கள். எங்கள் வீட்டுச் சன்னலுக்கு வெளியே நின்று கணக்குக் கேட்ட பிள்ளைகளையும் தாய்மார் கூப்பிட்டுக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. பெற்ற வயிறு பதறத்தான் செய்யும். அண்ணன் ஒரு நாளும் யாரையும் கடிந்து பேசியதில்லை. இருமல் மறுபடியும் வந்தபோது, மருந்துக்கு அடங்கவில்லை. சென்ற கார்த்திகையில், தீபத்துக்கு ஊர் நிறைந்திருந்த நேரத்தில், கண்ணை மூடினார்.

அந்தக் கூட்டத்தில் வழி விலக்கித் தோள் கொடுத்தவர்களுக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி. நோய் வீடு என்று தெரிந்தும் எங்கள் சொம்பில் தண்ணீர் வாங்கிக் குடித்தவர்களுக்கும் நன்றி. அவர்கள் பெயரைப் போட நினைத்தேன். “வாணாம்மா, போட்டா குடிக்காதவங்களுக்கு உறுத்தும்” என்று நைனா தடுத்துவிட்டார்.

இறப்பைப் பதியப் போனபோது அங்கிருந்த எழுத்தர், “இன்னா தொழிலுங்க?” என்று கேட்டார்.

“பௌதிகம்” என்றார் நைனா.

“அது படிப்புங்க பெரியவரே. இன்னா வேல பாத்தாரு?”

எழுத்தர் நைனாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு எதுவும் கேட்காமல், ‘ஆசிரியர்’ என்று எழுதினார். அண்ணனுக்கு வேலை கொடுத்தவர் அவர் ஒருவர்தாம். அவருக்கும் எங்கள் நன்றி.