கஞ்சிக்குக் கூடுதல் உப்பு

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். புதுக்கோட்டையில் நான் ஆசிரியையாக இருந்த பள்ளியில், கீரனூர்ப் பட்டாளத்தாருக்குப் பாராட்டுக் கூட்டம் நடந்தது. என்னைத்தான் பேசச் சொன்னார்கள்.

முதல் உலகப் போரில், பாஸ்ரா சண்டையில் ஒரு கையை இழந்து திரும்பியவர் அவர். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி எடுத்து வைக்கும்படி வீடு வீடாகக் கேட்டு, அதை வாங்கி வந்து தம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதியம் கஞ்சி ஊற்றினார். பக்கத்து ஊர்க்காரர்களும் அவரைப் பார்த்துக் கொடுக்கத் தொடங்கினார்கள். "அந்த ஏழைக் குழந்தைகள்" என்று நான் உருக்கமாகப் பேசினேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

நான் மாலை போட்டபோது அவர் முகம் மலர்ந்தது.

"ஏத்தா, நீயா? இப்பவும் ஒனக்குக் கஞ்சிக்கு உப்பு கூட வேணுமா?"

தலைமையாசிரியை என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் இல்லைங்கய்யா. வேற யாரையோ நெனச்சுக்கிட்டுச் சொல்றீங்க" என்றேன்.

"பெரியவருக்குக் கண்ணு மங்கிருச்சு" என்று யாரோ சொல்ல, கூட்டம் சிரித்தது. அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு தாமும் சிரித்து, "ஆமாப்பா, வயசாச்சுல்ல" என்றார்.

அந்தக் கஞ்சி கிடைக்கும் என்றுதான் என் ஆத்தா என்னைப் பள்ளிக்கு அனுப்பினாள். இப்போது நானும் உலை வைக்குமுன் ஒரு பிடி எடுத்து வைக்கிறேன். ஆனால் அன்று அவரைப் பெருமைப்படுத்தத்தான் என்னை மேடையேற்றியிருந்தார்கள்.